கிளட்ச் இல்லாத வண்டியின் ஓட்டுநர் பவானி

வெள்ளிமலைக்குப் போகிற வண்டிகளில் நன்றாக ஓட்டுவது யார் என்று கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் கேட்டால், ஆளுக்கொரு ஜீப்காரர் பெயரைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் பவானி என்பேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். பல வருடங்களாக அந்த மலைப்பாதையில் தினமும் ஏறி இறங்குகிறவள் நான். எந்த ஓட்டுநர் எந்த வளைவில் எப்படித் திருப்புவார் என்பது என் இடுப்பு எலும்புக்குத் தெரியும்.

நான் ஜெயம்மாள். வீடு கள்ளக்குறிச்சியில், வேலை வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில். செவிலியர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரர் தீனதயாளன் சொல்வார். அவருக்குக் காது கொஞ்சம் கம்மி என்று நான் சொல்வேன். பவானியின் கதையில் அவரும் வருகிறார், அதுவும் நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டு வருகிறார். அதைப் பிறகு சொல்கிறேன்.

பவானி வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம், சாமையும் கேழ்வரகும் விளைகிற ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல் அவளுடைய இடது காலை எடுத்துக்கொண்டது. கால் இருக்கிறது, பலம் இல்லை. முழங்காலுக்குக் கீழே என் மணிக்கட்டு கனம்தான் இருக்கும். அப்பா கண்ணுசாமி அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். அவர் காட்டு வேலைக்குப் போன நாட்களில் அம்மா பழனியம்மாள் இடுப்பில் சுமந்தார். கொஞ்சம் வளர்ந்த பிறகு ஜீப்காரர்கள் கைகொடுத்து ஏற்றினார்கள். பழங்குடியினர் ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைத்து விடுதிக்கு வந்தபோது, மாடிப்படியில் தோழிகள் தூக்கினார்கள். அவளைத் தூக்காதவர்கள் அந்த மலையில் குறைவு. எல்லோரும் நல்லவர்கள். அதுதான் அவளுக்கு இருந்த பெரிய தொந்தரவு என்று நான் புரிந்துகொள்ள வெகுநாளாயிற்று.

படிப்பு முடிந்து வெள்ளிமலையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்கு இருந்தாள். ஒருநாள் மழையில் பஸ் வரவில்லை. மலை பார்க்க வந்த ஒரு குடும்பம், சாலையோரம் நின்றிருந்த அவளைத் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டது. முன் சீட்டில் உட்கார்ந்தவள், வழியெல்லாம் ஓட்டியவரின் காலையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அத்தனை வளைவு, அத்தனை இறக்கம். அவருடைய இடது கால் ஓரமாக மடங்கிக் கிடந்தது. ஒரு முறைகூட எதையும் மிதிக்கவில்லை. இறங்கும்போது கேட்டுவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, இது ஆட்டோமேட்டிக் வண்டி, கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும் என்றாராம்.

மறுநாள் சுகாதார நிலையத்துக்கே வந்துவிட்டாள். காய்ச்சல், இருமல் ஒன்றும் இல்லை. “நர்சம்மா, எடது காலுக்கு வேலையே இல்லாத வண்டி ஒண்ணு இருக்குது” என்றாள். அதைச் சொல்வதற்காகவே வந்திருக்கிறாள். எனக்கு அன்று நல்ல கூட்டம், போய்விட்டு அப்புறம் வா என்று விரட்டினேன். ஆனால் அன்று முழுக்க அவள் முகம் என் கண்ணிலேயே நின்றது.

அவள் உரிமம் வாங்க அலைந்த கதையைச் சொன்னால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். எனவே சுருக்கமாகச் சொல்கிறேன்: வாங்கிவிட்டாள். சேலத்தில் ஒரு டாக்டர் வீட்டில் சும்மா நின்றிருந்த பழைய வெள்ளை வண்டியும் அவளுக்குப் படிந்தது. ஏழு பேர் உட்காரலாம். டீசல் வண்டி, ஆட்டோமேட்டிக். இந்தப் பக்கம் யாரும் அதைச் சீந்தமாட்டார்கள் என்பதால்தான் படிந்தது. மஞ்சள் போர்டு மாட்டி, காலையில் ஆசிரியர்களையும் எங்களைப் போன்றவர்களையும் மேலே ஏற்றிக்கொண்டு போகவும் மாலையில் இறக்கவும் தொடங்கினாள்.

ஜீப் ஸ்டாண்டில் சிரித்தார்கள். செல்லமுத்து என்று ஒருவர், அங்கே மூத்தவர், முப்பது வருடமாக அந்த மலையில் ஜீப் ஓட்டுகிறவர். கிளட்ச் இல்லாத வண்டி ரோட்டில் ஓடும், மலையில் உருளும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் செங்குத்தான ஒரு வளைவில் எதிரே பஸ் வந்து, பவானி முழுச் சுமையோடு வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. சக்கரத்துக்கு அடியில் கல் வைக்காமல் ஜீப்காரர்களே கிளப்பாத இடம் அது. பின்னாலேயே செல்லமுத்துவின் ஜீப். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பஸ் போனது. பவானி பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலேட்டரில் வைத்தாள். வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் வழுக்காமல் ஏறிப்போனது. அன்று மாலை ஸ்டாண்டில், நிழல் விழுகிற இடத்திலிருந்து தன் ஜீப்பை நகர்த்தி, அந்த இடத்தைச் செல்லமுத்து அவளுக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் எல்லோருக்கும் தங்கச்சி ஆனாள்.

தங்கச்சி ஆனதில்தான் வினை ஆரம்பித்தது.

மலையேறும் வழியில் பாதியில் ஒரு ஓடை வளைவு இருக்கிறது. ஜீப்காரர்கள் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தாமல் போனதே கிடையாது. பானெட்டைத் திறப்பார்கள், ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகுவார்கள், ஆவி அடங்கியதும் ஓடைத் தண்ணீரைக் கேனில் மொண்டு ஊற்றுவார்கள். கடைசியில் ஒரு கை தண்ணீரை மலைச்சாமிக்கு என்று தரையில் விடுவார்கள். எவ்வளவு ஊற்றினோம் என்று யாரும் பார்ப்பதில்லை. மலை ஏறுகிற வண்டி தண்ணீர் குடிக்கும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த சட்டம்.

பவானியின் வண்டி அப்படிக் குடிக்கிற வண்டி இல்லை. டாக்டர் வீட்டில் சொல்லித்தான் கொடுத்தார்கள், இதற்குப் பச்சை நிறத்தில் கூலன்ட் ஊற்ற வேண்டும், வெறும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று. அவளும் சொல்லிப் பார்த்தாள். செல்லமுத்து கேட்டால்தானே. மலை ஏறிவந்த வண்டிக்குத் தண்ணீர் வேண்டாமா, நீ இறங்காதே பாப்பா, உட்கார் என்றுவிடுவார். அவள் இறங்குவது என்றால் காலில் மாட்டியிருக்கும் இரும்புப் பட்டையைச் சரிசெய்து, கதவைப் பிடித்து, நிதானமாக இறங்க வேண்டும். அதைப் பார்க்க அவர்களுக்கு மனசு கேட்காது. ஆகவே வண்டி வளைவுக்கு வந்தால் அவள் உட்கார்ந்தபடியே பானெட் கொக்கியை இழுத்துவிடுவாள், யார் நிற்கிறாரோ அவர் ஊற்றுவார். நான் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். வாய் நன்றி சொல்லும், தாடை இறுகி இருக்கும்.

இப்படி இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. கொரோனா வந்து, ஊரெல்லாம் அடைத்து, பிறகு திறந்தார்கள். திறந்த கையோடு இடஒதுக்கீட்டுப் போராட்டமும் மறுபடியும் கிளம்பியது. எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டுச் சுற்றுவட்டாரம் முழுவதும் மனு, கூட்டம், மறியல். என் வீட்டுக்காரர் எண்பத்தேழில் மரத்தை வெட்டிச் சாலையில் போட்ட காலத்திலேயே மீசை முளைக்காத வயதில் கூட்டத்தோடு போய் நின்றவர். இந்த வயதில் விடுவாரா? கொடியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாய்ப் புறப்பட்டார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து. அதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் தினமும் ரோட்டிலேயே படுத்துக்கொள்வார்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் காலை, கச்சிராயபாளையம் போகிற சாலையில் அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் நடுவில் மாட்டிக்கொண்டோம். முன்னால் கரும்பு டிராக்டர், பின்னால் கரும்பு டிராக்டர், திருப்பவும் வழியில்லை. வண்டிக்குள் ஒரு கைக்குழந்தை இருந்ததால் பவானி ஏசியை அணைக்கவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கார்த்திகை என்று பெயர்தான், வெயில் மண்டையைப் பிளந்தது. உச்சிவேளை தாண்டியும் வழி திறக்கவில்லை. அவள் கோபப்படவில்லை, கிண்டல்தான் செய்தாள்.

“எங்களுக்கு ஒதுக்கீடு இருக்குது நர்சம்மா, ஊருக்கு ரோடு இல்ல. ஒங்களுக்கு ரோடு இருக்குது, ஒதுக்கீடு பத்தல. ஒரு நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து ஒக்காரலாம்.”

நான் சிரித்து முடிப்பதற்குள் அவள் முகம் மாறியது. சூடு காட்டும் முள் மேலே போய்க்கொண்டிருந்தது. அணைத்தாள். டிராக்டர்காரர் ஒருவர் ஓடிவந்து, நீ இறங்காதே அம்மா என்று சொல்லி, வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். சாயங்காலம் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. எல்லோரும் மறந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு ஓடை வளைவில் அவள் வண்டி நிறையக் குடித்தது. ஊற்றியவர்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வண்டி கிளம்பும்போது மட்டும் சின்னதாக ஒரு உதறல் வந்தது. பிறகு மேட்டில் ஏறும்போதும் வந்தது. வரப்பு போட்ட நிலத்தில் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்று பவானி சொன்னாள். டயரைப் பார்க்கச் சொன்னார்கள். டயரில் ஒன்றும் இல்லை.

மார்கழியில் ஒரு காலை, பனி விலகி வெயில் வந்த நேரம். ஓடை வளைவுக்குச் சற்று முன்னால் என்ஜின் திடீரென்று கத்தத் தொடங்கியது. சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. பவானி மிதிக்க மிதிக்கக் கத்தல்தான் ஜாஸ்தி ஆனது. எப்படியோ வளைவு வரை தள்ளாடி வந்து நின்றது. அங்கே நின்றிருந்த ஜீப்காரர்கள் ஓடிவந்தார்கள். செல்லமுத்து கேனோடு வந்தார்.

பவானி கதவைத் திறந்தாள். இரும்புப் பட்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கி, வண்டியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்து நின்றாள்.

“யாரும் கை வெக்காதீங்கண்ணா” என்றாள்.

அந்தக் குரலை நாங்கள் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. இந்த மாதம் முழுக்கத் தன் வண்டிக்கு யார் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்டாள். அவர்கள் சந்தோஷமாகவே சொன்னார்கள். ஒருவர் தினமும் காலையில் கால் கேன் ஊற்றியதாகச் சொன்னார். இன்னொருவர் இறங்கும்போது தான்தான் ஊற்றுவதாகச் சொன்னார். ஸ்டாண்டில் வண்டி நிற்கும்போது பார்த்து ஊற்றிவிடுவதாக மூன்றாமவர் சொன்னார். நான் மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். சொல்லச் சொல்ல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வண்டிக்கு அடியில் யாராவது ஒரு சொட்டு ஈரம் பார்த்தீர்களா என்று அவள் கேட்டாள். ஒருவர் படுத்துப் பார்த்தார். காய்ந்த மண். புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை. என்ஜின் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார்கள், ஆயிலும் கெடவில்லை.

“அப்ப அவ்ளோ தண்ணியும் எங்கண்ணா போச்சி?”

ஜீப்பில் தண்ணீர் காணாமல் போனால் ஒன்று ரோட்டில் இருக்கும், இல்லையென்றால் என்ஜினில் இருக்கும். மூன்றாவது இடம் கிடையாது. பவானி எட்டி, இன்னொரு குச்சியை உருவினாள். அது கியர் ஆயில் பார்க்கிற குச்சி. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அந்த ஆயில் குங்குமக் கரைசல் போலச் சிவப்பாகத் தெளிந்து இருக்க வேண்டும். குச்சியில் வந்தது ரோஸ் மில்க். கடையில் கண்ணாடித் தம்ளரில் கொடுப்பார்களே, அதே நிறம், அதே நுரை. தண்ணீர் முழுக்கக் கியர் பெட்டிக்குள் போயிருந்தது.

செல்லமுத்து கையிலிருந்த கேனைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். அவரைத் திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அடுத்து அவர்கள் செய்ததும் பாசத்தில்தான். கயிறு எடுத்து வந்தார்கள். ஜீப்பில் கட்டி இழுத்துக் கீழே கொண்டுபோய்விடலாம் என்று ஆளுக்கொரு பக்கம் முடிச்சுப் போடக் குனிந்தார்கள். பவானி கயிற்றை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பின் சக்கரம் தரையில் உருண்டால் உள்ளே மிச்சம் இருப்பதும் அரைபட்டுவிடும், சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகிற வண்டி கள்ளக்குறிச்சியிலிருந்து வரட்டும் என்றாள். அது வர அரை நாள் ஆகும் என்றார்கள். ஆகட்டும் என்று ஓடை மதகின் சுவரில் உட்கார்ந்தாள். எனக்கு வேலைக்கு நேரமாயிற்று, வேறு ஜீப்பில் ஏறிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவளைச் சுற்றி நான்கு ஆண்கள், செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கை கட்டி நின்றுகொண்டிருந்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் ரேடியேட்டர் கடை வைத்திருக்கும் ஆதிமூலத்திடம் வண்டி வந்து சேர்ந்தது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை வாசலில் வரிசையில் நின்று கொதிக்கிற கரும்பு லாரிகளை வைத்தே தொழில் கற்றவர் அவர். ரேடியேட்டரைக் கழற்றி, அடித்தொட்டியை அறுத்துக் காட்டினார். அதற்குள் தனியாக ஒரு குழாய் ஓடுகிறது. கியர் பெட்டியின் சூடான ஆயில் அந்தக் குழாய் வழியாக வந்து, சுற்றியிருக்கும் தண்ணீரில் ஆறிவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். ஓடைத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் சேர்ந்து அந்தக் குழாயை மெல்ல மெல்ல அரித்திருந்தன. மறியல் நாளில் கொதித்த கொதியில் அது விட்டுவிட்டது. வண்டி ஓடும்போது ஆயில் தண்ணீருக்குள் வரும், நின்றதும் தண்ணீர் ஆயிலுக்குள் போகும். கியர் பெட்டிக்குள் காகிதம் மாதிரி ஒரு பூச்சு ஒட்டிய தட்டுகள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று பிடித்தால்தான் வண்டி நகரும். ஈரம் பட்டதும் பூச்சு ஊறி உரிந்துவிட்டது. சிறுநீரகம் கெட்டு இதயம் நின்ற நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன், ஆகவே எனக்கு உடனே புரிந்தது.

தேறுமா என்று பவானி கேட்டாள். ரேடியேட்டர் என்றால் நான் பொறுப்பு, கியர் பெட்டிக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார் ஆதிமூலம். நேர்மையான மனிதர். சேலத்தில் இந்த மாதிரிப் பெட்டிகளைப் பிரிக்கிற பட்டறை இருக்கிறது, ஆனால் பிரித்துப் போட்டாலும் மலைக்குத் தாங்கும் என்று அவர்களும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னார்.

அந்த வாரம் அவளுக்கு யோசனை சொல்லாதவர்கள் கிடையாது. எல்லோருடைய யோசனையும் ஒன்றுதான்: இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஜீப் வாங்கு. செல்லமுத்து பட்டறைக்கே வந்து, தானே சம்பளம் இல்லாமல் ஓட்டித் தருவதாகச் சொன்னார். அவள் முதலாளியாகப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் போதுமாம். மனதாரத்தான் சொன்னார்.

“பக்கத்து சீட்டுல ஒக்காரறதுக்கு எனக்கு யாரும் சொல்லித் தர வாணாண்ணா” என்றாள் பவானி. “பொறந்ததுலேந்து அதுலதான் வந்துக்கினு இருந்தன். இந்த ரெண்டு வருஷந்தான் நான் ஓட்டனன்.”

செல்லமுத்து எழுந்து போய் வெளியே நின்றார். கிளட்ச் இல்லாத வண்டி ஒன்றுதான் அவளுக்கு வண்டி. அது போனால், மறுபடி யாராவது ஏற்ற வேண்டும், யாராவது இறக்க வேண்டும். அவள் அழவில்லை. அந்த வருடத்துச் சாமையும் கண்ணுசாமியின் மாடுகளும் விலைக்குப் போயின, வண்டி சேலத்துக்குப் போனது.

சேலத்துப் பட்டறையில் தட்டுகளை எல்லாம் மாற்றினார்கள். உள்ளே இருந்த ரோஸ் மில்க் போகிறவரை புது ஆயில் விட்டுக் கழுவிக் கழுவி வடித்தார்கள். பவானி அங்கேயே ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கி, தினமும் போய் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றே ஒன்றில் பிடிவாதமாக இருந்தாள். கியர் ஆயிலுக்கு இனி ரேடியேட்டர் பக்கமே வேலை இருக்கக் கூடாது. ஆயில் ஆறுவதற்குத் தனியாக ஒரு சின்னப் பெட்டி, முன்னால் காற்றுப் படுகிற இடத்தில் வைத்துக்கொடுத்தார்கள். தண்ணீர் ஒரு வழி, ஆயில் ஒரு வழி.

முதல் ஏற்றத்துக்குப் பட்டறைக்காரர் தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்றாராம். வழியில் நின்றுவிட்டால் அவள் தனியாக என்ன செய்வாள் என்று கவலை. அவள் சாவியை வாங்கிக்கொண்டு தனியாகவே மலை ஏறினாள். அதை நான் பார்க்கவில்லை, செல்லமுத்து சொன்னதுதான். ஓடை வளைவில் வண்டியை நிறுத்தி, தானே இறங்கி, தானே பானெட்டைத் திறந்து, என்ஜின் ஆயில் குச்சியைப் பார்த்து, பிறகு என்ஜினை ஓடவிட்டுக் கியர் ஆயில் குச்சியையும் பார்த்தாளாம். அவளுக்குப் பின்னால் பஸ்சும் ஜீப்புமாக வழி அடைத்துக்கொண்டது. அவள் அவசரப்படவே இல்லை. “ஒருத்தன் ஹாரன் அடிக்கல நர்சம்மா” என்று சொன்னபோது செல்லமுத்துவின் குரலில் இருந்த பெருமையைப் பார்த்தால், வண்டியைப் பிரித்துப் பூட்டியதே அவர்தான் என்று நினைக்கத் தோன்றும்.

தை மாதக் கடைசியில் மறுபடியும் மறியல். அதே கச்சிராயபாளையம் சாலை, அதே வெயில். எங்களுக்கு முன்னால் கரும்பு டிராக்டர் ஒன்று, அரிசி லாரி ஒன்று, பின்னால் செல்லமுத்துவின் ஜீப். பவானி உடனே என்ஜினை அணைத்துவிட்டாள். கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தோம்.

கூட்டத்திலிருந்து கொடியோடு ஒருவர் எங்களை நோக்கி வந்தார். பார்த்தால் என் வீட்டுக்காரர். காலையில் நான் கட்டிக் கொடுத்த புளிசாதத்தோடு எங்கே போனார் என்பது அப்போதுதான் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் அசடு வழிந்தார். பவானியைப் பார்த்ததும் முகம் இளகியது. அவர் கெட்டவர் இல்லை. கையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்து, இது கால் முடியாத பொண்ணோட வண்டி, இதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று குரல் கொடுத்தார். அவர்களும் நல்லவர்கள்தான். சொன்ன மாத்திரத்தில் எழுந்து, பாயைச் சுருட்டி, நடுவில் வழி விட்டார்கள். டிராக்டர்காரர்கூட ஓரமாக ஒதுங்கப் பார்த்தார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் பவானி என்ஜினைக் கிளப்பவில்லை. காலைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். அந்தக் கூட்டம் முழுக்கப் பார்க்க, டிராக்டரைத் தாண்டி என் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, வழிய மூடிக்குங்க. எனக்கு முன்னால டிராக்டர் நிக்குது, லாரி நிக்குது. அவங்க போனப்புறம் நான் போறன்.”

அவர் தடுமாறினார். “ஒனக்காகத்தாம்மா சொன்னேன்” என்றார்.

“தெரியுதுங்க. நீங்க இங்க ஒக்காந்து கேக்கறது ஒங்க பங்கு. காலேஜ்ல எனக்கு வந்த சீட்டும் எங்க பங்கு, அத நான் யாருக்கும் வுட மாட்டன். இது பங்கு இல்லீங்க, தயவு. இந்த ரோட்டுல நானும் ஒரு டிரைவர்.”

கல்யாணம் ஆன நாள்முதல் நான் எவ்வளவோ பேசியும் வாயடைத்துப் போகாத மனிதர், அன்று வாயடைத்து நின்றார். பிறகு திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஒருவர் எழுந்துவந்து தண்ணீர் பாட்டில் கொடுத்தார். டிராக்டர்காரருக்கும் லாரிக்காரருக்கும் கொடுத்த மாதிரியே அவளுக்கும் ஒன்று கொடுத்தார். அதை வாங்கிக் குடித்தாள்.

அவள் திரும்பி நடந்து வந்தாள். பட்டை போட்ட கால் தார்ச்சாலையில் சத்தமிட்டுக்கொண்டே வந்தது. நான் பெற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கூட அப்படிப் பெருமைப்பட்டதில்லை, இதை அவர்கள் படித்தாலும் பரவாயில்லை. பின்னால் ஜீப்பில் செல்லமுத்து ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வெயில் சாய்கிற நேரத்தில் அதிகாரி வந்து மனுவை வாங்கிக்கொண்டார், கூட்டம் எழுந்தது. முதலில் டிராக்டர் போனது. அடுத்து லாரி போனது. எங்கள் முறை வந்ததும் பவானி வண்டியைக் கிளப்பினாள்.